வேன் கதவைத் தவிர எல்லாவற்றையும் திருத்தினார்கள்

நான் கோபக்காரி. என் வீட்டுக்காரருக்கும் இது தெரியும், என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் தெரியும். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் நடக்கும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் ஆங்கில இலக்கணம் எடுக்கிறேன். வங்கித் தேர்வு, ரயில்வே தேர்வு என்று எழுதுகிறவர்கள் குருவிகுளம், மேலநீலிதநல்லூர் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். தேர்வில் ஒரு வாக்கியத்தை நாலு துண்டாக நறுக்கிக் கொடுத்து, எந்தத் துண்டில் பிழை என்று கேட்பான். அதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. கீழே பன் வேகிற வாசனை வரும், மேலே நாங்கள் பிழை பொறுக்கிக்கொண்டிருப்போம்.

‘மை ஹெட் இஸ் பெய்னிங்’ என்று எழுதுவார்கள். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பார்கள். ‘லெட் அஸ் டிஸ்கஸ் அபவுட் இட்’ என்று கூச்சமில்லாமல் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒழுங்கான தமிழ் வாக்கியம் ஒன்று இருக்கும். தலை வலிக்கிறது, ரெண்டு தம்பிமார் இருக்கிறார்கள், அதைப் பற்றிப் பேசுவோம். ‘பற்றி’ என்று மனசுக்குள் ஓடும்போது கை ‘அபவுட்’ என்று எழுதத்தான் செய்யும். அதனால் என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. இந்த ஆள் என்ன சொல்ல வந்தார் என்று முதலில் படிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிழையைத் தேட வேண்டும். அடுத்தவர் எழுதியதைப் பார்த்துச் சிரித்தால் எழுந்து வெளியே போக வேண்டியதுதான். ஆங்கிலப் பிழையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது. அதைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்துகிறவர்களைக் கண்டால்தான் வரும்.

அப்படி ஒருவரிடம்தான் என் மகளையே படிக்கப் போட்டிருந்தேன். புளியங்குடி ரோட்டில், ஊரைத் தாண்டி இருக்கிற பள்ளிக்கூடம். அதை ஆரம்பித்தவர்தான் தாளாளர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், சட்டைப் பையில் ரெண்டு பேனா. கல்லூரியில் படிக்கும்போது இவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு வகுப்பே சிரித்ததாம். அந்த அவமானம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரக்கூடாது என்றுதான் பள்ளிக்கூடம் கட்டினேன் என்று ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா சொல்வார். முதல் தடவை கேட்டபோது எனக்கும் பிடித்திருந்தது. மகளைச் சேர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். அவர் நல்ல மனிதர் இல்லை என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன்.

அந்தப் பள்ளியில் பெற்றோருக்கு என்று ஒரு வாட்ஸாப் குரூப். அதில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் செய்தி அழிக்கப்படும். ஆங்கிலத்தில் தப்பாக எழுதினால், தாளாளரே அந்தச் செய்தியைப் பிடித்து, ஒரு நட்சத்திரக் குறி போட்டு, பக்கத்தில் சரியான சொல்லை எழுதி அனுப்புவார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாது, வீட்டிலும் ஆங்கிலம் வளர வேண்டும் என்பது அவருடைய திட்டம். இதை ஒரு சேவையாகவே நினைத்துச் செய்தார். பெற்றோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். “ஃபீஸ் இல்லாமல்லா சொல்லிக்குடுக்காரு” என்று ஒரு தகப்பனார் என்னிடமே சொன்னார்.

ஒரு தடவை ஒரு பையனின் தாத்தா இறந்துபோய்விட்டார். அவனுடைய அப்பா, விடிந்ததும் விடியாததுமாகக் குரூப்பில் தெரிவித்தார். ‘மை ஃபாதர் இஸ் டை டுடே, மை சன் நாட் கமிங்.’ கொஞ்ச நேரத்தில் நட்சத்திரம் விழுந்தது. ‘*டைட்.’ அதற்குக் கீழே ‘*வில் நாட் கம்’ என்று இன்னொன்று. அதற்கும் கீழே கைகூப்பும் படம். அனுதாபத்தைவிட இலக்கணம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. அப்பா இறந்த வீட்டில், பந்தல்காரனுக்கும் சொந்தக்காரர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு அந்த மனிதர் ‘தேங்க் யூ சார்’ என்று பதில் போட்டிருந்தார். அதைப் படித்தபோது என் காது சூடானது. வீட்டுக்காரரிடம் செல்லை நீட்டினேன். அவர் தென்காசிக்கு வேலைக்குப் போகிறவர், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். “விடு, நீயும் அதத்தான செய்யுத” என்றார். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் அவரோடு நான் பேசவில்லை.

இந்த நட்சத்திரங்களை எங்கள் தெருவில் சந்தோஷமாக வாங்கிக்கொண்டவள் ஒருத்தி இருந்தாள். தேரடிப் பக்கம் நைட்டிக் கடை வைத்திருக்கிறாள். நைட்டி, உள்பாவாடை, பிளவுஸ் பிட் எல்லாம் உண்டு. புருஷன் துபாயில் லாரி ஓட்டுகிறான். என்னைவிட வயதில் சின்னவள், வாயில் பெரியவள். கடையில் பேரம் பேச வருகிறவர்களை அவள் அடக்குகிற அழகைப் பார்க்கவே நான் சில நாள் போய் நிற்பேன். அவளுடைய மகள் இரண்டாம் வகுப்பு, என் மகள் ஐந்தாம் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே வேன்.

என்னிடம் கொடுத்தால் நான் எழுதித் தருவேன் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “வேண்டாம்க்கா. தப்பா எழுதுனாதான திருத்துவாரு, திருத்துனாதான எனக்கு வரும்” என்றாள். விழுந்த நட்சத்திரத்தையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, கடையில் ஆள் இல்லாதபோது வாய்விட்டுப் படிப்பாள். மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் எழுதினாள். நட்சத்திரம் வரவில்லை. மறுநாள் பால் டிப்போ முனையில் வேனுக்கு நிற்கும்போது என் முழங்கையைப் பிடித்து, “எக்கா, நேத்து எனக்கு ஸ்டார் விழல, பாத்தியளா” என்று கேட்டாள். அவ்வளவு பெருமை. என் மாணவர்களில் யாரும் அப்படிப் படித்ததில்லை.

இந்த நிலையில்தான் வேனின் பின்கதவு கெட்டது.

அது பழைய வேன். உள்ளே இரண்டு பக்கமும் நீள பெஞ்சு, கடைசியில் பின்கதவு. கதவின் பூட்டு விட்டுப்போய், மூடினாலும் நிற்கவில்லை. யாரோ ஒரு நீல நைலான் கயிற்றை எடுத்துக் கதவின் கைப்பிடியையும் பெஞ்சின் காலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பெஞ்சின் கோடியில் உட்கார்கிற பிள்ளைக்கும் ரோட்டுக்கும் நடுவில் அந்தக் கயிறுதான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரோட்டில் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் போகிற லாரிகள் பின்னாலேயே வரும். வேகத்தடையில் வேன் ஒரு குலுக்குக் குலுக்கினால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்துப் பார்க்கலாம். அதற்கு எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை.

கயிற்றை முதலில் பார்த்தவள் நைட்டிக் கடைக்காரிதான். டிரைவரைப் பிடித்தாள். அவர் சாதுவான மனிதர், புதிதாக வேலைக்கு வந்தவர். “ஆபீஸ்ல சொல்லிட்டேன்க்கா. இப்பத்திக்குக் கயிறு கெட்டி ஓட்டுன்னு சொன்னாவ” என்றார். கடையை அடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெற்றோர் சனிக்கிழமை மட்டும்தான் உள்ளே வரலாம் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவசரம் என்றால் குரூப்பில் போடுங்கள், தாளாளர் எல்லாவற்றையும் படிப்பார் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் எல்லாவற்றையும் படிப்பார் என்பதில் யாருக்குமே சந்தேகம் இருந்ததில்லை. அவள் கடைக்குத் திரும்பிவந்து, ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். ‘ரெஸ்பெக்டட் சார், வேன் பேக் டோர் நோ லாக். டிரைவர் டை ரோப். மை டாட்டர் சிட் நியர் தட் டோர். ஐ ஆம் ஃபியரிங். ப்ளீஸ் மேக் இட் குட்.’

இதை என் வகுப்பில் கொடுத்தால், பிழை எங்கே எங்கே என்று பிள்ளைகள் காட்டுவார்கள். என்ன நடந்தது என்று கேட்டாலும் ஒருவர் விடாமல் சொல்வார்கள். கதவு பூட்டவில்லை, கயிறு கட்டியிருக்கிறது, பக்கத்தில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, தாய் பயப்படுகிறாள், சரிசெய்யச் சொல்கிறாள். இதில் புரியாதது எது?

வகுப்பு இடைவேளையில் செல்லை எடுத்துப் பார்த்தேன். பதில் வந்திருந்தது. ‘*தேர் இஸ் நோ லாக் ஆன் தி பேக் டோர்.’ ‘*ஹேஸ் டைட் எ ரோப்.’ ‘*சிட்ஸ்.’ ‘*ஐ ஆம் அஃப்ரெய்ட்.’ கடைசியில், ‘குட் அட்டெம்ப்ட், மேடம்.’

நான் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தாய் பயமாக இருக்கிறது என்று எழுதுகிறாள். இவர் பயத்துக்குச் சரியான சொல் எது என்று எடுத்துக் கொடுக்கிறார். பேப்பர் திருத்துகிறவர் விடையைப் படிக்காமல் எழுத்துப் பிழைக்கு மட்டும் மார்க் குறைத்தால் அவரை வேலையைவிட்டு அனுப்புவார்கள். இங்கே அதற்குப் பெயர் சேவை. அந்தக் குரூப்பில் வக்கீல் இருக்கிறார், வங்கி அதிகாரி இருக்கிறார், இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நல்ல ஆங்கிலம் தெரியும். ஒருவராவது கதவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம். ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். இன்னொருவர் கட்டைவிரல். எனக்கு வந்த ஆத்திரத்தில், அன்றைக்கு மிச்சமிருந்த வகுப்பில் பிள்ளைகள் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று எதுவும் நினைவில்லை.

என் மகள் முன்னால்தான் உட்கார்வாள் என்ற நினைப்பில் நானும் இருந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து, சாயங்காலம் வகுப்பு முடிந்து இறங்கும்போது பேக்கரி வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்திருக்கிறாள். முகத்தில் அழுகை ஒன்றும் இல்லை, வேறு ஏதோ இருந்தது.

“எக்கா, ஒரு விசயம் சொல்லணும். திட்டாதிய” என்றாள்.

“என்னட்டி?”

“என் பிள்ளைய முன்னால உக்கார வைக்கச் சொல்லி அன்னைக்கே டிரைவர்ட்டச் சொன்னேன். வச்சுட்டாரு. இன்னைக்கு அந்த எடத்துல யாரு உக்காந்திருக்கான்னு எட்டிப் பாத்தேன். உங்க பிள்ளக்கா.”

அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் மகளைக் கேட்டேன். “பெரிய பிள்ளைங்கதான் பின்னால உக்காரணும்னு டிரைவர் அங்கிள் சொல்லிட்டாங்கம்மா” என்றாள். பெரியவர்கள் என்றால் பிடிப்பாக உட்கார்வார்கள், சரிந்து விழ மாட்டார்கள் என்று அவர் நினைத்திருப்பார் என எண்ணிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், “குரூப்ல போட்டுருங்க மேடம், சார் பாத்துருவாங்க” என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

சரி, குரூப்பிலேயே போடுவோம் என்று நைட்டிக் கடைக்குப் போனேன். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. முதலில் எழுதியவள் அவள்தான், அவள் பெயரிலேயே போகட்டும் என்று அவளுடைய செல்லை வாங்கி, அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இத்தனை வருஷம் நான் கற்ற ஆங்கிலத்தையெல்லாம் அந்தச் செய்தியில் இறக்கினேன் என்றால் மிகை இல்லை. கால் புள்ளி, அரைப் புள்ளி, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பின்கதவில் பூட்டு இல்லை. நைலான் கயிறு மட்டுமே இருக்கிறது. அந்த ரோட்டில் லாரிகள் வருகின்றன. கதவு திறந்தால் குழந்தைகள் விழுவார்கள். பழுது பார்க்கும்வரை இந்த வேனை ஓட்டக் கூடாது. ஒரு நட்சத்திரத்துக்கும் இடமில்லாத ஆங்கிலம். அவள் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, “இத அவுகளால திருத்த முடியாதுல்லாக்கா” என்று கேட்டாள். முடியாது என்று சொன்னேன். அனுப்பினாள்.

ஒரு நைட்டியை மடித்து வைப்பதற்குள் பதில் வந்தது. ‘எக்ஸலென்ட் இம்ப்ரூவ்மென்ட், மேடம். கீப் இட் அப்.’ பின்னாலேயே கைதட்டுகிற படங்கள் வந்து குவிந்தன. வக்கீல் கைதட்டினார். வங்கி அதிகாரி ‘சூப்பர் சிஸ்டர்’ என்றார். டாக்டர் ஒருவர், எங்கே கோச்சிங் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். தாளாளர் அதோடு நிற்கவில்லை. இந்தப் பெற்றோரைப் பாருங்கள், சில மாதங்களில் எவ்வளவு முன்னேற்றம், நம் குரூப்பின் வெற்றிக்கு இதுவே சாட்சி என்று தனியாக ஒரு பத்தி எழுதினார். கதவு என்ற சொல் எங்கேயும் இல்லை.

கைதட்டல் வந்துகொண்டே இருந்தது. செல் ஒவ்வொரு தடவை சத்தம் போடும்போதும் அதை எடுத்து ரோட்டில் எறிய வேண்டும் என்று எனக்கு இருந்தது. என் மகள் நாளைக்குக் காலையில் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அதைப் பற்றி நான் எழுதியது இத்தனை பேருக்கு நல்ல கட்டுரையாகத் தெரிந்திருக்கிறது. தப்பும் தவறுமாக எழுதியதைப் புரிந்துகொள்ளவில்லை என்றால், சரி, புரியவில்லை என்று விட்டுவிடலாம். சரியாக எழுதியதும் அவர்களுக்கு எட்டவில்லை. அப்படியென்றால் இவர்கள் ஆங்கிலத்தை எதற்குத்தான் கற்றார்கள்?

“நல்லா எழுதிட்டியக்கா” என்றாள் அவள். “ரொம்ப நல்லா எழுதிட்டிய.” அதில் குத்தல் இருந்தது, எனக்கு அது வேண்டியதுதான் என்றும் தோன்றியது. பிறகு அவளே எழுந்தாள். “நாளைக்கு வேன் நம்ம முனைக்கு வரும்லா. நான் மறிக்கப் போறேன். நீங்க வாரியளா?”

“வாரேன்” என்றேன்.

காலையில் பால் டிப்போ முனையில் நாங்கள் இரண்டு பேரும் முன்னால் நின்றோம். விஷயம் தெரிந்து தெருவில் இருந்து இன்னும் சில தாய்மார் வந்திருந்தார்கள். வேன் வந்ததும் அவள் நேராக முன்னால் போய் நின்றுவிட்டாள். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, “நான் என்னக்கா செய்ய, எனக்கே உள்ளுக்குள்ள கெதக்குன்னு இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். ஏற்கெனவே ஏறியிருந்த பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அவர்களையும் இறக்கி டிப்போ வாசலில் நிழலாக நிற்க வைத்தோம். அடுத்த நிறுத்தங்களில் வேனைக் காணோம் என்று பெற்றோர் ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் தாளாளரின் கார் வந்து நின்றது.

இறங்கும்போதே அவர் முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் உயரவில்லை. “வாட் இஸ் திஸ், மேடம்? படிச்சவங்க நீங்களே இப்படிச் செய்யலாமா?” என்று முதலில் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பிறகு அவளிடம் திரும்பி, “குறை இருந்தா முறையா தெரிவிச்சிருக்கலாமே. அதுக்குத்தானே குரூப் வச்சிருக்கேன்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். சத்தம் போடவில்லை. கடையில் பேசுகிற அதே குரல்.

“தெரிவிச்சேன் சார். மொதத் தடவ தப்பா எழுதுனேன், திருத்துனிய. ரெண்டாந்தடவ சரியா எழுதுனேன், கை தட்டுனிய. இன்னும் எப்பிடி எழுதுனா நீங்க படிப்பிய? அதயும் சொல்லிக்குடுத்துருங்க, நான் படிச்சுக்கிடுதேன்.”

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை என்று நினைக்கிறேன். செல்லை எடுத்து, மேலே தள்ளி, அந்தச் செய்தியைத் தேடிப் பிடித்தார். நின்ற இடத்திலேயே வாசித்தார். அவர் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவர் முதல் தடவையாகப் படிக்கிறார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அடங்கியிருந்த கோபமெல்லாம் மறுபடி ஏறியது. முந்தின நாள் ‘எக்ஸலென்ட்’ என்று எழுதியதும் இதே கைதான்.

“அப்படி ஒண்ணும் ஆபத்தா இருக்காதே” என்று சொல்லிக்கொண்டே அவர் வேனின் பின்பக்கம் போனார். நாங்களும் போனோம். பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். கயிற்றின் முடிச்சை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். பலமாகத்தான் இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டுகிற மாதிரி கதவைப் பிடித்து லேசாக ஆட்டினார். முடிச்சு அவிழவில்லை. கயிறு கட்டியிருந்த கைப்பிடி கதவைவிட்டுக் கையோடு வந்துவிட்டது. கதவு திறந்து, கீழ்க்கீல் விட்டு, ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. விளிம்பு அவருடைய முழங்காலை உரசிக்கொண்டு போனது. அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

நான் அந்தத் திறந்த இடத்தையும், அதற்கு ஒட்டினாற்போல் இருந்த பெஞ்சின் நுனியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்றுச் சாயங்காலம் என் மகள் உட்கார்ந்து வந்த இடம் அது.

அப்போது என் மகள் முன்னால் வந்தாள். சார் திகைத்துப் போய் நிற்பதைப் பார்த்து, அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். சார் முன்னால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பதும் அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

“சார், நோ ப்ராப்ளம் சார்,” என்றாள். “டெய்லி வீ ஒன்லி ஹோல்டிங், சார்.” சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டி, கதவை எப்படி இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள் என்று செய்து காட்டினாள். பக்கத்தில் நின்ற இன்னொரு பெரிய பையனும் ஆமாம் என்று தலையாட்டினான்.

தினமும் நாங்கள்தான் பிடித்துக்கொள்கிறோம் என்கிறாள். பெரிய பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்தது அதற்காகத்தான் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது. ஓரமாக நின்ற டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். நைட்டிக் கடைக்காரி என் தோளைப் பிடித்தாள், அல்லது நான் அவளைப் பிடித்தேனா தெரியவில்லை.

தாளாளர் என் மகளைக் குனிந்து பார்த்தார். கையில் அந்தக் கைப்பிடி இன்னும் கயிற்றோடு இருந்தது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம், அவர் நினைத்துச் செய்தது இல்லை.

“‘வீ ஹோல்ட் இட் எவ்ரி டே’ன்னு சொல்லணும்மா” என்றார்.

என் மகள் கைகளைக் கீழே இறக்கி, நேராக நின்றாள். திருத்திய வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும்போது பிள்ளைகள் அப்படித்தான் நிற்க வேண்டும்.

“வீ ஹோல்ட் இட் எவ்ரி டே, சார்” என்றாள்.

‘குட்’ என்று சொல்வதற்காக அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.